எந்த எபிசோடிலிருந்து?

ஜூன் 9, செவ்வாய்

ஒரு பிழை செய்திருக்கிறேன். சிறியதுதான். தேதி போட்டு எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் இரண்டு நாளில் அது பிழையே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிடுவேன்.

61-ஆம் படிவம், ஆறாம் கேள்வி: ‘லிஃப்ட் ரிப்பேர் தொடர் எந்த எபிசோடிலிருந்து தரம் குறைந்தது?’ பொன்மலையில் வசிக்கும் சவரிமுத்து என்பவர் அதற்கு எதிரே ‘குறையவில்லை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறார். நான் கணினியில் அமைத்த கட்டம் எண்ணை மட்டும்தான் ஏற்கும். சொல்லை ஏற்காது. போன வெள்ளிக்கிழமை அவசரத்தில் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். கேள்வியை எழுதியவளும் நான்தான். குறைந்துவிட்டது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு கேட்டிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் பிழை இரண்டு.

பின்னாளில் இதைப் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக விவரம் எழுதுகிறேன். பகலில் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். ஆறிலிருந்து எட்டு வரை புள்ளியியல் சான்றிதழ் வகுப்பு. இந்தப் பருவத்தின் செய்முறைப் பயிற்சி ஒரு கணக்கெடுப்பு. நாங்கள் எடுத்துக்கொண்டது லிஃப்ட் ரிப்பேர். நான்கு மாடிக் குடியிருப்பு, எப்போதும் ஓடாத லிஃப்ட், படிக்கட்டில் சந்தித்துச் சண்டை போடும் குடித்தனக்காரர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணிக்கு. இரண்டு வருடமாக இந்த ஊரில் அதைப் பார்க்காத வீடும் இல்லை, ‘முன்ன மாதிரி இல்லை’ என்று சொல்லாத வாயும் இல்லை. ‘பழைய லிஃப்ட் ரிப்பேர் வேண்டும்’ என்று ஒரு குழு கிளம்பிச் சேனலுக்கு மனு கொடுத்தது. சேனல்காரர்கள், உங்கள் ஊரில் சில வீடுகளில் மட்டும் சோதனையாக மாற்றிப் பார்க்கிறோம், எந்த வீடுகள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த வேலைதான் எங்கள் வகுப்புக்கு வந்தது. அறுபத்தொரு வீடுகள்.

படிவங்களை வாசிக்கும்போது வகுப்பில் சண்டை வந்துவிட்டது.

“212தான். மெக்கானிக் வந்தாரு, லிஃப்ட் ஓடுச்சு, அன்னியோட கதை முடிஞ்சுது” என்றான் இர்ஃபான். வாகன உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறான்.

“மெக்கானிக் வந்தாரா? எந்த வீட்டுல?” என்றாள் பிரிசில்லா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். “இன்னைக்கு வரைக்கும் வரலப்பா. நீ தூங்கிக் கனவு கண்டிருப்ப.”

“நாங்க ஆறு பேர் உக்காந்து பார்த்தோம்.”

“ஆறு பேரும் தூங்கியிருப்பீங்க. 340லதான் கெட்டுச்சு. மாடி வீட்டுப் புவனா அழுக ஆரம்பிச்சா பாரு, அன்னைக்கு.”

“புவனா எங்க அழுதா? அவ சிரிச்சே நான் பார்த்ததில்ல, அழுதும் பார்த்ததில்ல.”

எங்கள் ஆசிரியை மங்கையர்க்கரசி மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். “ரெண்டு பேரும் பார்த்தது ஒரே தொடரான்னு முதல்ல கேளுங்க.”

மேடம் வகுப்பு முழுவதையும் பார்த்துத் திரும்பினார்.

“முதல் நாற்பத்தொன்பது எபிசோடு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஐம்பதாவது வந்தப்ப திரையில ஒரு சம்மதம் கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா?”

“சரின்னு அழுத்தினோம்” என்றான் இர்ஃபான்.

“எதுக்குச் சரின்னீங்க?”

“சீக்கிரம் தொடர் வரணும்னு மேடம்.”

“டிவியோட இருக்குற பெட்டிக்குக் காது இருக்கு. யார், எந்த இடத்துல சிரிக்கிறாங்கன்னு கேக்கும். நாளைக்கு வர்ற எபிசோடை அதுக்கு ஏத்த மாதிரி உங்க வீட்டுக்குன்னு தனியாச் செய்யும். ஆளுங்க முகம், குரல் எல்லாம் அதுகிட்ட இருக்கு. புதுசா யாரும் நடிக்க வேண்டியதில்ல. சேனல் கடிதத்துல நாலாவது பக்கத்துல இருக்கு. நீங்க யாரும் நாலாவது பக்கத்துக்குப் போகல.”

“வெளிச்சம், சத்தம் இதை மட்டும்தான் மாத்தும்னு நினைச்சேன்” என்றாள் பிரிசில்லா. பிறகு இர்ஃபானைப் பார்த்து, “அப்ப நெசமாவே உங்க வீட்டுக்கு மெக்கானிக் வந்தாரா?” என்றாள்.

“வந்தாருன்னுதான ஒன்றரை வருஷமா சொல்றேன்.”

பேருந்திலும் கடையிலும் இணையக் குழுக்களிலும் இந்த ஊர் போட்ட சண்டை முழுவதும், ஆளுக்கொரு தொடரைப் பார்த்துவிட்டுப் போட்ட சண்டை. 33-ஆம் படிவத்தில் ஒருவர், ‘என் மாமியார் எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து’ என்று எழுதியிருந்தார். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன். இன்று கேள்விக்குறியை அழித்தேன்.

வகுப்பு முடிந்ததும் மேடம் என்னை நிறுத்தினார். “சுகிர்தா, பூஜ்ஜியமும் காலியிடமும் ஒண்ணாம்மா?”

“இல்ல மேடம்.”

“பதில் தராத வீட்டை என்ன செய்வாங்கன்னு கடிதத்துல படிச்சியா?”

படிக்கவில்லை. அதுவும் நாலாவது பக்கம். ஆறாம் கேள்விக்குத் தரம் குறைந்தது என்று பதில் தந்த வீடுகளோடு, பதில் தராத வீடுகளும் மாற்றத்துக்குச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். 22-ஆம் தேதி அந்த வீடுகளின் பெட்டியில் சேர்ந்திருப்பது எல்லாம் அழிக்கப்பட்டு, ஐம்பதாவது எபிசோடிலிருந்து எல்லோருக்கும் பொதுவான கதை ஓடும். நான் காலியாக விட்ட ஒரு கட்டத்தால், வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் வேண்டும் என்று சொன்னதாக ஆகியிருக்கிறார். திருத்தம் தர 16-ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிவரை நேரம் இருக்கிறது. வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும்.

ஜூன் 10, புதன்

வகுப்புக்கு விடுப்பு. பொன்மலை ரயில்வே குடியிருப்பு. சவரிமுத்து டிக்கெட் பரிசோதகர், ஐம்பத்து நான்கு வயது. ஏழு மணிக்குத்தான் வீட்டில் இருப்பேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தபோது கறுப்புக் கோட்டைக் கழற்றியிருக்கவில்லை.

“உள்ள வாம்மா. டிக்கெட் இல்லாம வந்தாலும் பரவால்ல.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. வருகிற எல்லோரிடமும் சொல்வது போலிருந்தது.

என் பிழையைச் சொன்னேன். திருத்தப் படிவத்தை வாங்கி, டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அழிச்சா என்ன ஆகும்?”

“எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வரும் சார்.”

“இப்ப எனக்கு வர்றது?”

“அது திரும்ப வராது. எங்கயும் எடுத்துவைக்க மாட்டாங்களாம்.”

கடிகாரத்தைப் பார்த்தார். 7.26. “உக்காரு. பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். நடுவுல சிரிக்காம இருந்தா நல்லது.”

நகைச்சுவைத் தொடருக்கு இது விசித்திரமான நிபந்தனை என்று நினைத்தேன். தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் மேல் மடித்த துண்டு. அதை எனக்குக் காட்டவில்லை. சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

அங்கே ஓடியது நான் பார்த்த லிஃப்ட் ரிப்பேர் இல்லை. அதே படிக்கட்டு, அதே ஆட்கள். ஆனால் யாரும் நகைச்சுவையை முடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நிறுத்தத்தில் சவரிமுத்து மடியிலிருந்த பழைய கைப்பேசியை அழுத்தினார். ஒரு பெண் சிரித்தாள். சுற்றிலும் பாத்திரச் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன. நடுவில் அந்தச் சிரிப்பு, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்கும் சிரிப்பு. திரையில் இருந்தவர்கள் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார்கள். முடிவு வரவே இல்லை.

ஏழு நாற்பதுக்கு வாட்ச்மேன் மாயாண்டியைச் செக்ரட்டரி கேட்டார்: “லிஃப்ட்டுக்குள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?”

“ஒருத்தர் மாட்டியிருக்காரு சார்.”

“யாருய்யா?”

“அதான் சார், அந்த மெக்கா—”

மாயாண்டி நிறுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன். கையால் வாயை மூடினேன், ஆனால் சத்தம் வெளியே வந்துவிட்டது. பெட்டியின் மேலிருந்த பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ரயிலில் தெரிந்த முகம் ஏறியதுபோல் பார்த்தார்.

முடிந்ததும் அவரே சொன்னார்.

“அவ எப்பவும் ஜோக் முடியிறதுக்கு முன்னாடியே சிரிச்சுருவா. லூர்து. என் வீட்டுக்காரம்மா. கல்யாணமான புதுசுல எனக்குக் கோவமா வரும். முடிக்க விடுடின்னுவேன். விட மாட்டா. பெட்டி ஆறு மாசத்துல அதைக் கத்துக்கிச்சு, எங்க நிறுத்தணும்னு. எனக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சு.”

“இப்ப அவங்க…”

“போன வருஷம் பிப்ரவரி. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தேன், நான் மட்டும்.” கைப்பேசியைத் துடைத்தார். “கொஞ்ச நாள் டிவியைப் போடல. அப்புறம் போட்டேன். மாயாண்டி என்னென்னமோ பேசினான். ஜோக்கை முடிச்சான். முடிச்சுட்டு இன்னொண்ணு சொன்னான். அதையும் முடிச்சுட்டு நின்னான். அவளைத் தேடுற மாதிரி இருந்துச்சும்மா. பார்க்க முடியல. என் தங்கச்சி மக நிச்சயதார்த்தத்துல எடுத்த வீடியோ ஒண்ணு இருந்துச்சு, நாப்பது செகண்டு. யாரோ பந்தியில பாயசத்தைச் செருப்புல ஊத்திட்டான், அதுக்கு அவ சிரிக்கிறா. அதைப் போட்டேன். ரெண்டே நாள்ல மாயாண்டி பழையபடி நிறுத்த ஆரம்பிச்சுட்டான்.”

“நீங்க சிரிக்க மாட்டீங்களா சார்?”

“எனக்குத்தான் முடிவே தெரியாதே” என்றார்.

கையெழுத்துப் போட்டார். ‘குறையவில்லை’ என்பதன் கீழ் ஒரு கோடும் இழுத்தார். இரண்டாம் கேள்வியை மறுபடி சரிபார்த்தேன். தொடரை வழக்கமாகப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? ஒன்று. மாற்றம் எதுவும் சொல்லவில்லை.

வாசலில், “இதையும் எழுதுவியா?” என்று கேட்டார்.

“படிவத்துல அதுக்கு இடம் இல்ல சார்.”

“நல்ல படிவம்” என்றார்.

ஜூன் 11, வியாழன்

ஒரு சந்தேகம். ஒரு வீட்டில் கேட்டதை வைத்து அறுபது வீடுகளைப் பற்றி நினைக்கக் கூடாது. ஆனால் கேட்டுப் பார்க்கலாம். கடையில் மதிய இடைவேளையில் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரே கேள்வி: நீங்கள் குறிப்பிட்ட அந்த எபிசோடு வந்த வாரம் உங்கள் வீட்டில் ஏதாவது நடந்ததா?

பதினேழு பேர் எடுத்தார்கள். நாலு பேர் ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களில் இருவர் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். தில்லைநகரில் ஒரு பெண், மகளைச் சென்னை விடுதியில் விட்டுவந்த வாரம் என்றார். உறையூரில் ஒருவர் தன் கடையை மூடிய வாரம் என்றார். மூடியதைக் குழந்தைகளிடம் அப்போது சொல்லவில்லையாம், பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டார். ஒரு வீட்டில் காது கேட்கும் கருவி பழுதாகி இரண்டு மாதம் வாங்காமல் இருந்திருக்கிறார்கள். 33-ஆம் படிவக்காரர், “அதான் எழுதியிருக்கேனே” என்று வைத்துவிட்டார்.

மாலையில் வகுப்பில் சொன்னேன். வீட்டில் சிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பெட்டி அவரைப் பார்த்துத்தான் கதை செய்கிறது. அவர் போனாலோ, சிரிப்பதை நிறுத்தினாலோ, பெட்டி மற்றவர்களைச் சிரிக்கவைக்க எதையெதையோ செய்து பார்க்கிறது. அதைத்தான் நாம் தரம் குறைந்தது என்று சொல்கிறோம். இது முடிவு இல்லை, ஊகம் மட்டும் என்று இரண்டு முறை சொன்னேன்.

“அப்ப இது எபிசோடு பட்டியல் இல்ல” என்றார் மேடம். மேஜை மேலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

பிரிசில்லா விரல்விட்டு எண்ணினாள். “340ன்னா போன வருஷம் ஜூன் கடைசி. எங்கண்ணன் கத்தார் போனது ஜூன் இருபத்தாறு.” எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கல” என்றான் இர்ஃபான். “மெக்கானிக் வந்தாரு, அவ்வளவுதான்.”

வகுப்பு முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் என்னைத் தேடிவந்தான். அப்பாவை அத்தா என்பான். “அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது அந்த வாரம். இப்ப நல்லாத்தான் இருக்காரு. கடைக்கு வர்றாரு. முகத்துல ஒரு பக்கம் மட்டும் அசையாது. சத்தமாச் சிரிக்க வராது அவருக்கு.” சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். “லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணினா அவர் சிரிப்பாரோன்னு பெட்டி நினைச்சிருக்கும், இல்ல?”

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

நாளையிலிருந்து வகுப்பில் அந்தச் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன். அது நல்லதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. கேட்ட பிறகு அப்படித் தோன்றுவதற்கு மதிப்பு இல்லை.

ஜூன் 12, வெள்ளி

மேடத்துக்கு உடல்நலம் சரியில்லை, வகுப்பு ரத்து. ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

7-ஆம் படிவம் அம்மாவுடையது. ஆறாம் கேள்விக்கு 481 என்று எழுதியிருக்கிறார். அது ஜனவரி முதல் வாரம். அந்த வாரம் என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்கவில்லை. என் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. ஜனவரி 5, திங்கள்: மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். எங்கள் வீட்டு மாயாண்டி ஒரே நகைச்சுவையை இரண்டு தடவை சொன்னான், இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. “பாவம், அவனும் என்ன பண்ணுவான்” என்றார் அம்மா. நான் சிரித்தேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

குறித்துக்கொள்கிறேன். ஒரு வீடு, ஒரு நாள்.

ஜூன் 15, திங்கள்

பகல் பதினொன்றரைக்குக் கடையில் ஒருவருக்கு வலக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். “இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?” அவர், “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார். அப்போது சேனலிலிருந்து அழைப்பு. கணக்கெடுப்பைக் கவனிக்கும் ஹரிஹரன் என்பவர்.

“உங்க 61-க்குத் திருத்தம் வந்திருக்கு, சரி. மறுப்புன்னு பதிஞ்சுக்குறோம். ஆனா ஒரு சிக்கல். பார்க்கிறவங்க ஒருத்தர்னு எழுதியிருக்கீங்க. பெட்டி ரெண்டு பேர்னு சொல்லுது.”

“சார், அது நான்தான். புதன்கிழமை அங்க இருந்தேன். ஒரு தடவை சிரிச்சுட்டேன்.”

“இல்லைங்க. ஒரே நாள் கேட்ட குரலைப் பெட்டி விருந்தாளின்னு விட்டுரும். அந்தக் குரலுக்கு ஏத்த மாதிரி மறுநாள் ஏதாவது முயற்சி பண்ணிப் பார்த்திருக்கும், அவ்வளவுதான். எண்ணிக்கையில சேர்க்காது. இது வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் கேட்டிருக்கு. ஆண் குரல். வயசு அம்பதுக்கு மேல. பழைய குரல் ஒண்ணு எப்பவும் இருக்கு, பெண் குரல். போன புதன் வரைக்கும் அது மட்டும்தான். கணக்குச் சரியா இருந்துச்சு.”

படிவத்தில் ஒன்று, பெட்டியிலும் ஒன்று. இரண்டும் ஒத்துப்போயிருந்தன, ஒரே ஆள் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

“ஒத்துப்போகலைன்னா என்ன ஆகும் சார்?”

“பெட்டியில கோளாறுன்னு எடுத்துக்குவோம். கோளாறான பெட்டியை அழிச்சுத்தான் ஆகணும். வீட்டுக்காரர் மறுத்தாலும் சரி. இல்ல, படிவத்துலதான் தப்புன்னா திருத்திக் குடுத்துருங்க. நாளைக்குப் பன்னிரண்டு வரைக்கும். வீட்டுக்காரர் ஒருதரம் கையெழுத்துப் போட்டாச்சு, எண்ணிக்கைக்கு உங்க கையெழுத்தே போதும்.”

சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். ரயிலில் இருந்தார். தண்டவாளச் சத்தம்.

“சார், வியாழக்கிழமை என்ன நடந்துச்சு?”

“இரு, கதவுப் பக்கம் வர்றேன்.” சத்தம் இன்னும் கூடியது. “ஒரு பொண்ணு வந்தாம்மா. தொடர்ல, புதுசா. கையில அட்டை, பேனா. படிப்படியா ஏறி வீடு வீடாப் போய், லிஃப்ட் எந்தத் தேதியிலேர்ந்து ரிப்பேர்னு கேக்குறா. செக்ரட்டரி ஒரு தேதி சொல்றாரு. புவனா வேற தேதி சொல்றா. ரெண்டு பேருக்கும் சண்டை. கடைசியில மாயாண்டியைக் கேக்குறா. அவன் சொல்றான், ‘நான் வேலைக்குச் சேரும்போது இது லிஃப்ட்டுன்னே யாரும் சொல்லலம்மா, பீரோன்னு நினைச்சுத் துணி வச்சிருக்கேன்’னு.” கொஞ்சம் நிறுத்தினார். “முழுசாச் சொல்லி முடிச்சான்.”

“நீங்க சிரிச்சீங்க.”

“சிரிச்சுட்டேன். பட்டனை அழுத்தவே மறந்துட்டேன். அன்னைக்கு மூணு இடத்துல அவ சிரிப்புப் போடல. முடிஞ்ச அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”

“சார், நான் அங்க சிரிக்காம இருந்திருந்தா…”

“அதைப் பேசாத. வெள்ளிக்கிழமை ஒழுங்காப் போட்டேன். ஆனா நடுவுல நானும் சிரிச்சேன். மாயாண்டி இப்ப சிலதை நிறுத்துறான், சிலதை முடிக்கிறான். ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பேசுற மாதிரி இருக்கு. அவ இருக்கும்போது அவன் என்னைப் பார்த்ததே கிடையாது.”

நான் ஹரிஹரன் சொன்னதைச் சொன்னேன். எண்ணிக்கையையும் சொன்னேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். “சார், ஆறாம் கேள்விக்கு நீங்க எழுதினது இப்பவும் சரியா? குறைய ஆரம்பிச்சுருச்சுன்னா அதை எழுதணும். எழுதினா அழிச்சுருவாங்க.”

யாரோ அவரிடம் இருக்கை எண் கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“குறையுதும்மா. எனக்குத் தெரியுது. ஒவ்வொரு நாளும் நான் சிரிச்சா அவளோட பங்கு கொஞ்சம் குறையும். சிரிக்காம இருந்து பார்த்துட்டேன், இனிமே முடியாது போலிருக்கு. ஆனா அது பாட்டுக்குக் குறையட்டும். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. ஒரே நாள்ல வேணாம். ஆஸ்பத்திரியில எட்டு நாள் பேசிக்கிட்டுத்தான் இருந்தா, ஒரே நாள்ல போனா.”

ஸ்டேஷன் வருகிறது என்று வைத்துவிட்டார்.

எங்களுக்கு முதல் வகுப்பில் மேடம் சொன்ன விதி: கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. கேட்டது என்னவென்றால், வீட்டில் இருப்பது ஒருவர். தொடர் குறைய ஆரம்பித்துவிட்டது. அது தொடங்கிய எபிசோடு 592, நான் போன நாளுக்கு மறுநாள். மற்ற வீட்டுக்காரர்களிடம் எந்த வாரம் என்ன நடந்தது என்று தேடிக் கேட்டேன். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்க வேண்டியதில்லை. நடந்தது நான்தான்.

ஆனால் பெட்டி இரண்டு சிரிப்புகளைக் கேட்கிறது. அதுவும் ஒரு கணக்கெடுப்புதான். என்னுடையதைவிடக் கவனமாக எடுத்தது.

இது சரி என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. மேடத்திடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலை பத்து மணிக்குக் கடையில் ஒன்றரை மணி நேரம் அனுமதி கேட்பது. 61-ஆம் படிவத்தில் ஆறாம் கேள்வியைத் தொடாமல் விடுவது. இரண்டாம் கேள்வியில் ‘ஒன்று’ என்பதை ஒரே கோட்டில் அடித்து ‘இரண்டு’ என்று எழுதிக் கையெழுத்திடுவது. திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில், கணக்கெடுத்தவரின் பிழை என்று எழுதுவது. பன்னிரண்டு மணிக்கு முன் கொடுத்துவிட்டு ரசீது வாங்குவது.